ஆள் எங்க?

தேக்கா உணவங்காடியில் மதிய நேரத்தில் இடம் பிடிப்பது எப்படி என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு பிரியாணிக் கடை வரிசையில் போய் நின்றுகொள்ளலாம். திரும்பி வரும்வரை அந்த நாற்காலி உங்களுடையது. சூடான தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைகிறவர்கள்கூட அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் விலகிப் போய்விடுவார்கள். 'ச்சோப்' செய்வது என்று இதற்குப் பெயர். எங்கும் எழுதி வைக்காத, ஆனால் எல்லாரும் கட்டுப்படுகிற சட்டம்.

எனக்குத் தெரிந்து அதற்குக் கட்டுப்படாத ஒரே ஆள் அந்த அக்காதான்.

மேசையருகே வந்து நிற்பார். பாக்கெட்டைப் பார்த்து, அது வாய் திறந்து பதில் சொல்லப்போகிறதுபோல, "ஆள் எங்க?" என்று சத்தமாகக் கேட்பார். கொஞ்சம் பொறுப்பார். பிறகு பாக்கெட்டைப் பிரித்து, ஒரு தாளை உருவி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒருமுறை நானும் கூட இருந்தேன். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க ஓர் இளைஞர் தட்டோடு வந்து நின்றார்.

"ஆன்ட்டி, இந்த சீட் டேக்கன்."

"யார் எடுத்தா? நான் வரும்போது ஒருத்தரையும் காணோமே."

"டிஷ்யூ வெச்சிருந்தேனே."

"டிஷ்யூவுக்குப் பசிக்குதா? நீ வந்துட்டல்ல, பக்கத்துல உட்காரு. இடம் இருக்குலா." பிறகு எதிர் நாற்காலியின் முன்னால் இருந்த இன்னொரு பாக்கெட்டைக் காட்டினார். "அது யாருக்கு?"

"என் ஃப்ரெண்டுக்கு."

"ஆள் எங்க?"

"எம்ஆர்டியில வந்துட்டிருக்கான்."

"எங்க, பக்கத்து ஸ்டேஷனா, இல்ல பூன் லேயா?"

இளைஞர் தட்டை மேசைமேல் வைத்தார். ஊரின் மறுகோடியில் இருக்கும் பூன் லேயாகத்தான் இருக்க வேண்டும். அக்கா அந்த நாற்காலியை இழுத்து, தட்டோடு நின்றுகொண்டிருந்த ஒரு சீன முதியவரைக் கைகாட்டி அழைத்து உட்கார வைத்தார். எனக்குக் கூச்சத்தில் காது சூடாகிவிட்டது. நான் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன். வரிசை, விதிமுறை, முத்திரை என்றால் எனக்கு ஒரு நிம்மதி. அக்காவோடு வெளியே போவது எனக்கு எப்போதும் சங்கடமாகவே இருந்தது.

அவர் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் அப்படித்தான் ஒரு பாக்கெட்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். வந்து நின்றது ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. கணவர் சாப்பாடு வாங்கப் போயிருக்க, அந்தப் பெண் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் அக்காவை முறைத்தார்கள். அவர் உடனே எழுந்துவிட்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. "உன் புருஷனை இங்க நிக்கச் சொல்லியிருக்கணும். அந்தத் தாளுக்கு நீ மாசமா இருக்கிறது தெரியுமா?" என்றார். பிறகு தன் தோசையைத் தூணில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டு முடித்தார்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் நரம்பியல் கிளினிக்கின் முன்மேசையில் அவருக்கு வேலை. கிளினிக்கின் பெயர் வேண்டாம். என் மகள் கயலுக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தபோது அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கூடம் நிரம்பியிருந்தது. நான் எண் சீட்டை நீட்டினேன். அக்கா அதை வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நம்பர் இருக்கட்டும் தம்பி. ஆள் எங்க?"

என் மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த கயல் எட்டிப் பார்த்தாள். அக்கா மேசைமேல் பாதி உடம்பு சாய்த்து அவளைப் பார்த்தார்.

"ஓ, நீதான் ஆளா?"

கயல் தலையாட்டினாள். வலிப்பு வந்ததிலிருந்து எல்லாரும் அவளைப் பற்றி எங்களிடம்தான் பேசினார்களே தவிர, அவளிடம் யாரும் பேசியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை போகும்போதும் அக்கா கேட்பார், "ஆள் வந்தாச்சா?" கயல் கையை உயர்த்தி, "ஆள் வந்தாச்சு ஆன்ட்டி" என்பாள். இருவருக்கும் அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி, துணிக் காலணி. குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் காத்தோங் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். அன்னதானப் பந்தியில் கைக்குட்டை விரித்து இடம் போட்டிருப்பவர்களுக்கு அங்கேயும் அவர் வாய் உண்டு. "பிள்ளையார் கைக்குட்டைக்கா சோறு போடுறாரு?" என்பாராம். அவரே சொல்லிச் சிரிப்பார்.

கிளினிக்கில் அவர் நடத்திய வரிசையில் எண் எல்லாம் பேருக்குத்தான். யார் வலியில் இருக்கிறார்கள், யார் வெறுமனே அறிக்கை வாங்க வந்தவர்கள் என்பது அவருக்கு முகத்திலேயே தெரியும். மருந்து நிறுவன விற்பனையாளர்கள் நோயாளிகளின் எண்ணை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கோபம் தலைக்கேறும். "வேல இருந்தா நில்லு. இல்லாட்டித் தள்ளி நில்லு. உன் பின்னாடி நிக்கிறவனுக்கு வேல இருக்கு." எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பார்.

முதலில் தொலைபேசிக்குத் தானியங்கிக் குரல் வந்தது. அக்கா தன் மேசையிலிருந்தே அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்ததை நான் நேரில் கண்டேன். இனிமையான பெண் குரல் ஒன்று என்ன உதவி வேண்டும் என்று கேட்டது. அக்கா, "ஆள் எங்க?" என்றார். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது குரல். "எனக்கும்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு முன்மேசையையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புப் பெட்டகங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவு கண்ணாடிச் சன்னல். இனி மருந்துக்குக் கைப்பேசிச் செயலியில் சொல்ல வேண்டும். மாடியில் இருக்கும் மருந்தாளர் அதைப் பெட்டகத்தில் வைப்பார். செயலி காட்டும் சதுரக் குறியீட்டைக் காட்டினால் கதவு திறக்கும். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்குவது, மருந்துச் சீட்டு, பழைய குறிப்புகள் எல்லாமே செயலிக்குள் போய்விட்டன. அக்காவுக்கு ஒரு மஞ்சள் மேல்சட்டை கொடுத்து, வயதானவர்களுக்குச் செயலி கற்றுத்தரும் வேலையில் அதே கூடத்தில் நிறுத்தினார்கள். சட்டையின் முதுகில், 'என்னைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தது.

"முதுகுல எழுதியிருக்கான் பாரு தம்பி. மூஞ்சியப் பார்த்து ஒருத்தரும் கேட்டுரக் கூடாதுன்னு."

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கயலின் மாத்திரை தீர்ந்துபோகும் தறுவாயில்தான் அடுத்த மாதத்துக்குக் கேட்கும் பொத்தானே செயலியில் உயிர்பெறும். முன்கூட்டிக் கேட்டு வீட்டில் சேர்த்து வைக்க முடியாது. மருந்து வீணாகாமல் இருக்க அந்த ஏற்பாடாம். முன்பு அக்கா மேசையில் இருந்தபோது, "நாலு மாத்திரை கூட வெச்சுக்க தம்பி, மழ வரும், பஸ்ஸு வராது" என்று மருந்தாளரிடம் சொல்லி வாங்கித் தருவார். செயலிக்கு மழையும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும்.

முந்தைய இரவோடு கயலின் மாத்திரை தீர்ந்திருந்தது. அடுத்ததை ஒழுங்காக ஆர்டர் செய்திருந்தேன். 'உங்கள் மருந்து தயாராக உள்ளது' என்று செய்தியும் வந்திருந்தது. காலையில் கூடம் திறந்ததும் எடுத்துக்கொண்டு டாக்சியில் பிடோக்கிலுள்ள அவள் பள்ளிக்குப் போய்க் கொடுப்பதாகத் திட்டம். அவளுக்கு அன்று கணிதத் தேர்வு, வீட்டில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை, வேளை தவற மட்டும் விடக்கூடாது என்பது டாக்டர் எப்போதும் சொல்வது. பள்ளி அலுவலகத்துக்கும் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி வேலை விஷயமாக ஜோகூர் போயிருந்தாள்.

பெட்டகத்தின் முன்னால் நின்று செயலியைத் திறந்தேன். ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'சற்று நேரத்தில் மீண்டும் முயலவும்' என்று வந்தது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் என் மகளின் பெயர் ஒட்டிய வெள்ளைக் காகிதப் பை தெரிந்தது. கை நீட்டினால் தொடும் தூரம்.

'சற்று நேரத்தில்.' அந்த வார்த்தையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பூட்டிய கடை, பூட்டியிருக்கிறது என்று சொல்லும். நாம் வேறு கடைக்குப் போவோம். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போயிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். போயிருப்பேன். பக்கத்து மருந்துக் கடையிலாவது கெஞ்சியிருப்பேன், மருந்துச் சீட்டும் அந்தச் செயலிக்குள்தான் இருந்தது என்பது வேறு விஷயம். இதோ திறக்கப்போகிறது, இதோ திறக்கப்போகிறது என்று அது என்னை அங்கேயே நிற்க வைத்துவிட்டது.

கூட்டம் சேர்ந்தது. மேலாளர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், வந்து கொஞ்ச காலம்தான் இருக்கும். "சர்வர்ல சின்ன இஷ்யூ சார். விடாம ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருங்க, வந்துரும்" என்றார்.

இங்கே குடும்பங்கள் எப்படி என்பது தெரிந்ததுதானே. பள்ளிப் பதிவானாலும் தீபாவளிக்கு விமானச் சீட்டானாலும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே புகப் பார்ப்போம். யாருக்காவது கிடைத்தால் சரி. நானும் பூன் லேயிலிருக்கும் மச்சானுக்கும் ஜோகூரிலிருந்த மனைவிக்கும் கடவுச்சொல்லை அனுப்பி முயன்று பார்க்கச் சொன்னேன். கூடத்தில் இருந்த எல்லாரும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு கணம் செயலி திறந்தது. 'நீங்கள் இயந்திரம் அல்ல என்று உறுதிசெய்யவும்' என்று கேட்டது. போக்குவரத்து விளக்குகள் உள்ள படங்களையெல்லாம் தொடச் சொன்னது. தொட்டேன். பிறகு பேருந்துகள். தொட்டேன். என் மகள் மாத்திரை இல்லாமல் பள்ளியில் உட்கார்ந்திருக்க, நான் ஒரு மனிதன்தான் என்பதற்குப் பேருந்துகளைப் பொறுக்கி எடுத்து அத்தாட்சி காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், 'உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை. பாதுகாப்புக்காக முடக்கப்பட்டுள்ளது' என்று வந்து நின்றது. ஒரே கணக்குக்குள் மூன்று இடங்களிலிருந்து தட்டினால் திருடன் என்று அது முடிவு கட்டிவிடுமாம். கூட்டம் கூட்டமாய் வந்த போலிகளை அதற்குத் தடுக்கத் தெரியவில்லை. என்னைத் தடுத்துவிட்டது.

போலிகள் என்பதே அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மேலாளருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிவிட்டு வந்தவர் முகம் வெளுத்திருந்தது. அக்கா போய் எதிரே நின்றார்.

"என்னவாம்?"

"அட்டாக்காம் ஆன்ட்டி. யாரோ வேணும்னே லட்சக்கணக்குல ரெக்வெஸ்ட் அனுப்பிட்டிருக்காங்க. வாசல் முழுக்க அதுவே நிக்குது. நெஜமான பேஷன்ட் யாரும் உள்ள போக முடியல."

"லட்சம் பேரா? ஆள் எங்க?"

"ஆளே கிடையாது ஆன்ட்டி. எல்லாம் மெஷின். எங்கெங்கயோ வீட்டுல இருக்கற கேமரா, வைஃபை பெட்டி, இதையெல்லாம் அவங்க கைக்குள்ள வெச்சுக்கிட்டு அதுங்கள விட்டுக் கேக்க வெக்கறாங்க. அந்த வீட்டுக்காரங்களுக்கே தெரியாது."

"கேட்டு?"

"ஒண்ணும் இல்ல. கேட்டுட்டே இருக்கும். அவ்வளவுதான்."

அக்கா பெட்டகச் சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அப்ப டிஷ்யூ பாக்கெட்" என்றார்.

மேலாளர் சிரித்தார். சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"எல்லாரும் போனை உள்ள வைங்க" என்று அக்கா குரல் எழுப்பினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் அதையே சொன்னார். "அவன் ஒருத்தன் வாசல அடைச்சுக்கிட்டு நிக்கிறான். அவன் பின்னாடி நீங்களும் முட்டினா கதவு தெறக்குமா? வைங்க சொல்றேன்." வைத்தோம். பிறகு மேலாளரிடம் திரும்பினார். "மேல டாக்டர் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. ஆனா யாரோட ரெக்கார்டும் தெறக்காது ஆன்ட்டி."

"ரெக்கார்ட் தெறக்காட்டி என்ன, ஆளப் பாக்கச் சொல்லு. கையில பேனா இருக்கும். காலி மாத்திரை அட்டையில மருந்து பேரு இருக்கு, எத்தனைன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியும்."

"ஆன்ட்டி, ப்ரோட்டோகால்படி சிஸ்டம்ல ஏத்தாம ஒரு மாத்திரைகூட வெளிய போகக் கூடாது. ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க."

"என் பேரச் சொல்லு. கிழவி நான் சொன்னதக் கேக்கலன்னு சொல்லு."

அவர் வாய் திறப்பதற்குள் அக்கா வரிசையில் இறங்கிவிட்டார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி. "இன்னிக்குக் கெடைக்காட்டி என்ன ஆகும்?"

ஆச்சரியம், பாதிப் பேர் தாமாகவே நகர்ந்துவிட்டார்கள். தோள்வலிக் களிம்புக்கு வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. "நான்தான் மொத ஆளா வந்தேன்" என்றார்.

"வந்தீங்க அங்கிள், நான் இல்லங்கல. இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல. மழ பெஞ்சா வலிக்கும்."

"வெயில் அடிக்குதுலா. மழ வந்தா வாங்க."

பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

கடைசியில் மூன்று பேர் நின்றோம். அம்மாவின் இரவு மாத்திரைக்கு வந்திருந்த ஒரு மலாய்ப் பெண், ஒரு கப்பல் பட்டறைத் தொழிலாளி, நான். அந்தப் பட்டறைத் தம்பிக்கும் கயலுக்கு இருப்பதேதான் நோய். வேலை போய்விடும் என்று பட்டறையில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். அதையும் அக்காவின் காதோடுதான் சொன்னார். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு ஷிஃப்ட் இருக்கா?"

"இப்பப் போகணும்க்கா. ஒசரத்துல, சாரத்து மேல வேல."

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, நான்தான் முன்னாடி வந்தேன். கயல் காத்துக்கிட்டு இருக்கா."

"கயல் பக்கத்துல டீச்சர் இருக்காங்க தம்பி. இவனுக்குக் கீழ என்ன இருக்கு?"

நான் ஒதுங்கி நின்றேன். அந்தத் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அவர் முழங்கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். டாக்டர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டிருக்கிறார், மருந்தாளர் தயங்கியிருக்கிறார், அக்கா அங்கிருந்து அசையவில்லை. நேரம் போனது. கீழே நான் கண்ணாடிச் சன்னலுக்குள் தெரிந்த வெள்ளைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாற்காலியைத் தூக்கி அந்தக் கண்ணாடியில் அடித்தால் என்ன என்று தோன்றியது. அடிக்கவில்லை. நான் விதிமுறைக்காரன்.

அந்தத் தம்பி மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே ஓடினார். அடுத்து நான் போனேன். டாக்டர் தன் கையாலேயே சீட்டு எழுதினார். மருந்தாளர் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துத் தந்தார். அது என் கைக்கு வந்து, படியில் இறங்கும்போதுதான் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது.

கயல் தேர்வறையில் அனுமதி வாங்கிக்கொண்டு, அப்பா வந்துவிட்டாரா என்று பார்க்க அலுவலகத்துக்கு இறங்கி வந்திருக்கிறாள். மாடிப்படியில் வலிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் டீச்சர் இல்லை. யாருமே இல்லை.

நெற்றியில் தையல். முன்பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. ஆம்புலன்சிலும் மறுபடி ஒருமுறை வந்தது. இரண்டு வருடங்களாக வராமல் இருந்த வலிப்பு. அவள் கண் விழித்து என்னை அப்பா என்று அழைக்கும்வரை நான் இருந்த நிலையை எழுதத் தெரியவில்லை.

மாலையில் அக்கா மஞ்சள் சட்டையோடே மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கயல் வீங்கிய உதட்டோடு, தையல் போட்ட நெற்றியோடு, கையை மெல்ல உயர்த்தினாள். "ஆள் வந்தாச்சு ஆன்ட்டி" என்றாள். உடைந்த பல்லில் காற்றுப் போய் அது வேறு மாதிரி ஒலித்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே நடைவழியில் நான் சொன்னேன், "உங்க மேல எனக்குக் கோவம் இல்லக்கா. நீங்க செஞ்சது சரிதான்." பாதி உண்மைதான் அது. மீதிக்கு எனக்குச் சில மாதங்கள் ஆயின.

"தெரியும்" என்றார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "சாரத்துல ஏறுறவனா, ஸ்கூல்ல இருக்கிறவளான்னு என்னைக் கேக்க வெச்சான் பாரு. அவன் யாரு தம்பி?"

"தெரியாதுக்கா. கண்டுபிடிக்கவே முடியாதாம்."

"ஆள் எங்க?"

அந்தக் கேள்வியை அவர் சத்தமில்லாமல் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து செய்தி வந்தது. 'சில பயனர்களுக்குத் தற்காலிகச் சிரமம் ஏற்பட்டது. சேவைகள் வழக்கநிலைக்குத் திரும்பிவிட்டன. நோயாளிகளின் தரவு எதுவும் கசியவில்லை, எதுவும் திருடப்படவில்லை.' அலுவலகத்திலும் ஒருவர் என்னிடம் அதையேதான் சொன்னார், "நல்ல வேளை, டேட்டா ஒண்ணும் போகலையாம்." போகவில்லைதான். மகளின் பிறந்த தேதி, அடையாள அட்டை எண், ரத்த வகை எல்லாம் பத்திரமாக இருந்தன. அவள் மட்டும் மாடிப்படியில் கிடந்தாள். எங்கோ முகமில்லாமல் உட்கார்ந்திருந்தவன், எதையும் எடுத்துக்கொண்டு போக வரவில்லை, அடுத்தவனை உள்ளே விடாமல் வாசலில் நிற்பதற்கென்றே வந்தான். பணம் பறிக்கவா, சவாலுக்கா, பொழுது போகாமலா, ஒருவருக்கும் தெரியாது. திருடனுக்காவது அந்தப் பொருள் வேண்டியிருக்கிறது. இவனுக்கு எதுவுமே வேண்டாம்.

அவன்மேல் உள்ள அதே கோபம் கிளினிக்கின் மேலும் எனக்கு உண்டு. வாசலில் நின்ற ஒரே மனுஷியை எடுத்துவிட்டு, இருந்த எல்லாவற்றையும் ஒரே கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டியது யார்?

கயல் தேறி வந்த பிறகு, அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அவர் இல்லை. விசாரித்தபோது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றார்கள். புதுப்பிக்கவில்லை. பெர்த் நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கோயிலில் ஒருவர் சொன்னார். அங்கே பேருந்தில் பக்கத்து இருக்கையில் பை வைத்திருப்பவர்களின் கதி என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மாத்திரை வாங்க கயலும் கூட வந்தாள். உடைந்த பல்லுக்கு உறை போட்டிருந்தோம். நெற்றித் தழும்பை முடியால் மறைத்திருந்தாள். செயலியைத் திறக்கவே எனக்கு உடம்பு கூசியது. அக்கா நின்ற இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு திரை வைத்திருந்தார்கள். அதில் சேலை கட்டிய பொம்மைப் பெண் ஒன்று கைகூப்பியது. "வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?"

"ஆள் எங்க?" என்றேன்.

எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"மன்னிக்கவும், புரியவில்லை. சற்று நேரத்தில் மீண்டும் முயலவும்."

"ஆள் எங்க?"

"அப்பா, ப்ளீஸ்லா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் கயல். பார்க்கட்டும். பின்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். வேலை இல்லாமல் நான் அங்கே நிற்கவில்லை. அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள நாலு மாத்திரை கூடுதலாக வேண்டும். அதைக் கேட்க அந்தத் திரையில் பொத்தான் இல்லை. நகராமல் நின்றேன்.

"ஆள் எங்க?" என்று மூன்றாவது முறை கேட்டபோது மாடியில் ஒரு கதவு திறந்தது. அந்தக் கோயம்புத்தூர் மேலாளர் எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நிற்பது யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். படிகளில் இறங்கி வந்தார்.

"சார், என்ன சார் வேணும்?"

நான் சொல்வதற்குள், என் மகள் அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். பிறகு, கூடம் முழுக்கக் கேட்கும்படி, அக்காவின் குரலில் சொன்னாள்:

"ஆள் வந்தாச்சு."